மூடி தனியா, சேர்ந்ததா? வாடகைப் பாத்திரக் கடைக்கு டேட்டா மாடல் போட்ட அனுபவம்

ஆவணி கடைசி முகூர்த்தத்துக்கு மறுநாள் காலை மாமாவின் கடையில் நின்றிருந்தேன். ஒரே நாளில் 7 விசேஷங்களுக்குப் போன சாமான் குட்டியானையில் நடை நடையாக வந்து இறங்கியது. அத்தை எண்ணிச் சொல்லச் சொல்ல, கடைப் பையன் டேப்லெட்டில் தட்டிக்கொண்டே வந்தான். மதியம் 2 மணிக்கெல்லாம் எந்த வீட்டில் என்ன பாக்கி என்று சொல்ல முடிந்தது. போன வருஷம் வரை இந்தக் கணக்கு முடிய 3 நாள் ஆகும். அதற்குள் சமையல்காரர்கள் வேறு ஊருக்குப் போயிருப்பார்கள், மண்டபத்தைக் கழுவி விட்டிருப்பார்கள், காணாமல் போன தாம்பாளம் காணாமலே போயிருக்கும்.

இந்தக் கடைக்கு நான் சாஃப்ட்வேர் எழுதியது இது இரண்டாவது முறை. முதல் முறை எழுதியது ஒரே ஒரு முகூர்த்தத்தோடு நின்றுபோனது. இரண்டுக்கும் நடுவில் ஆடி மாதத்தில் ஜமக்காளம் விரித்து 5 தடவை உட்கார்ந்தோம். என்ன செய்தோம், எங்கே தப்பாகப் போனோம் என்பது மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன். சின்னக் கடைகளுக்கு மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு உதவும் என்று நம்புகிறேன்.

கடை கும்பகோணத்தை ஒட்டிய ஒரு ஊரில் இருக்கிறது. அண்டா, தேக்சா, தவலை, இட்லிக் கொப்பரை, கரண்டி வகைகள், பந்தி மேசை, நாற்காலி, ஜமக்காளம், கேஸ் அடுப்பு, கிரைண்டர் எல்லாம் வாடகைக்குப் போகும். சாமான் மொத்தம் 140 வகைக்கு மேல். கணக்கெல்லாம் நீள நோட்டில்தான்.

முதல் முறை மாமாவிடம் இரண்டு மணி நேரம் பேசிவிட்டு வீட்டுக்கு வந்து 19 டேபிள் போட்டேன், அதாவது தகவலைச் சேர்த்துவைக்கிற 19 பட்டியல். வாடிக்கையாளர், பொருள், வாடகை, வாடகையில் வரும் ஒவ்வொரு சாமான், ரசீது என்று ஊரில் எந்த வாடகைக் கடைக்கும் பொருந்துகிற மாதிரி இருந்தது. இரண்டு மாதம் மாலை நேரமெல்லாம் அதற்கே போனது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பார்கோடு ஒட்ட வேண்டும் என்று முடிவெடுத்து, ஸ்டிக்கர் ரோலுக்கு மட்டும் 1,850 ரூபாய் செலவழித்தேன். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கிற பாத்திரத்தில் ஸ்டிக்கர் ஒரு கழுவலுக்குத் தாங்கவில்லை. ஆனால் உண்மையான தப்பு ஸ்டிக்கரில் இல்லை. தேக்சாவை ஒவ்வொன்றாக அடையாளம் காண வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டதுதான் தப்பு. அதை யாரும் என்னிடம் கேட்கவே இல்லை.

ஆடி பிறந்ததும் கடை ஓய்ந்தது. இந்தத் தடவை நிரலைத் தொடுவதற்கு முன்னால் மாடலை மட்டும், அதாவது என்னென்ன தகவல் வேண்டும், எது எதோடு சேரும் என்பதை மட்டும், சரியாகப் போட்டுவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

முதல் உட்காரல் வீணானது. மடிக்கணினியில் படம் வரைகிற டிரா ஐஓ திறந்து, எது எதோடு எப்படித் தொடர்பு என்று காட்டுகிற ஒரு ஈஆர் படம் போட்டுக்கொண்டு போனேன். பீட்டர் சென் 1976-இல் கொண்டுவந்த முறையிலிருந்து வளர்ந்த படம்தான். பெட்டிக்குப் பெட்டி கோடு, கோட்டின் முனையில் 'பல' என்பதற்குக் காக்கைக்கால் மாதிரி மூன்றாகப் பிரிகிற குறி. மாமா பொறுமையாகப் பார்த்தார்.

"ஒரு ஆளுக்குப் பல வாடகை இருக்கலாம், ஆனா ஒரு வாடகைக்கு ஒரே ஆள்தான். சரியா மாமா?"

"சரிதான் மாப்ளே."

"ஒவ்வொரு வாடகைக்கும் எடுக்கிற தேதி, திரும்புற தேதி ரெண்டும் இருக்கும்?"

"இருக்கும், இருக்கும்."

இப்படி 22 கேள்வி கேட்டேன். 22-க்கும் சரி என்றார். அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த 22-இல் 9 தப்பு என்று அடுத்த இரண்டு வாரத்தில் தெரிந்தது. மாமா பொய் சொல்லவில்லை. பொதுவாக ஒரு விதியைச் சொல்லிச் சரியா என்று கேட்டால், யாருக்கும் வழக்கமாக நடப்பதுதான் மனதில் வரும். வழக்கத்துக்கு மாறாக நடந்தது ஞாபகத்துக்கு வர, கண் முன்னால் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும்.

இரண்டாவது உட்காரலுக்கு மடிக்கணினியை எடுத்துப் போகவில்லை. தபால் அட்டை அளவு வெற்று அட்டை 200, மூன்று நிறத்தில். மஞ்சள் சாமானுக்கு, பச்சை ஆட்களுக்கு, ரோஸ் நடக்கிற காரியங்களுக்கு. அட்டை 150 ரூபாய், சார்ட் பேப்பர் 4-க்கு 40, கம்பளி நூல் 35, மார்க்கர் பேனா 3-க்கு 75. ஆக 300 ரூபாய். கடைக்குப் பின்னால் கிடங்கில் ஜமக்காளத்தை விரித்து, அட்டைகளைப் பரப்பி, தொடர்பு இருக்கிற அட்டைகளுக்கு இடையே நூலை இழுத்தேன். ஒன்றா பலவா என்பதை எப்படிக் காட்டுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அத்தை உள்ளிருந்து ஒரு கை புளியங்கொட்டை கொண்டுவந்து கொடுத்தார். நூலின் முனையில் ஒரு கொட்டை என்றால் ஒன்றே ஒன்று. மூன்று கொட்டை என்றால் பல. கொட்டையே இல்லை என்றால் இல்லாமலும் இருக்கலாம்.

காக்கைக்கால் குறியை மாமா ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. புளியங்கொட்டையை 5 நிமிஷத்திலேயே எடுத்து மாற்றி வைக்க ஆரம்பித்துவிட்டார். கையால் நகர்த்த முடிகிற பொருளாக இருந்ததால் மாற்றத் தயக்கமில்லை என்று நினைக்கிறேன்.

அன்றைக்குக் கிடைத்த பெரிய விஷயம், 'வாடிக்கையாளர்' என்று ஒரு ஆளே கிடையாது என்பது. சாமான் லிஸ்ட் கொடுப்பவர் சமையல் மாஸ்டர். பணம் கட்டுபவர் வீட்டுக்காரர். வண்டியில் வந்து எண்ணி எடுத்துக் கையெழுத்துப் போடுபவர் மாஸ்டரின் ஆளாக இருப்பார், இல்லாவிட்டால் வீட்டுக்காரரின் பங்காளியாக இருப்பார். முதல் மென்பொருளில் செல்போன் நம்பரை வைத்து வாடிக்கையாளரை அடையாளம் கண்டேன், ஒரு நம்பருக்கு ஒரு ஆள் என்று. நோட்டைப் பார்த்தால் ஒரே மாஸ்டரின் நம்பர் ஒரே நாளில் 4 விசேஷத்துக்கு எழுதியிருக்கிறது. ஒரே பச்சை அட்டையாக இருந்தது மூன்று நூலாகப் பிரிந்து 'விசேஷம்' என்ற ரோஸ் அட்டையில் போய்ச் சேர்ந்தது.

அந்த 'விசேஷம்' அட்டையை மாமாதான் எழுதவைத்தார். நான் 'வாடகை' என்று எழுதி, எத்தனை நாள் என்று ஒரு கட்டம் போட்டிருந்தேன். "நாள் கணக்கு கிடையாது மாப்ளே. முத நாள் சாயங்காலம் எடுத்து, முகூர்த்தம் முடிஞ்சு மறுநாள் காலையில கொண்டாந்தா அது ஒரு வாடகை. விசேஷத்துக்குத்தான் வாடகை, நாளுக்கு இல்ல" என்றார். தாமதமானால்? அரை வாடகை கூடப் போடுவாராம். எப்போதும் போடுவீர்களா என்று கேட்டேன். அடுத்த ஆள் சாமானுக்குக் காத்திருந்தால் போடுவேன், இல்லாவிட்டால் விட்டுவிடுவேன் என்றார். இதை விதியாக எழுதிக் கணக்குப் போடவைக்கலாம் என்று இரண்டு நாள் முட்டிமோதினேன். அப்புறம் விட்டுவிட்டேன். மாமா எடுக்கிற முடிவை மென்பொருள் எடுக்க வேண்டியதில்லை. அவர் போட்ட தொகையையும், ஏன் போட்டார் என்று ஒரு வரியையும் எழுத இடம் இருந்தால் போதும். அதிலிருந்து ஒவ்வொரு கட்டத்திலும் 'இது கணக்கில் வருவதா, ஆள் முடிவு செய்வதா' என்று ஒரு குறி போட ஆரம்பித்தேன்.

மூன்றாவது உட்காரல்தான் நீளமானது, மூன்றரை மணி நேரம். வைகாசியில் ஒரு முகூர்த்த நாளின் நோட்டுப் பக்கங்களை எடுத்துக்கொண்டோம். 9 விசேஷம், 214 வரிகள். ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்து, அது எந்த அட்டையில் போய் உட்காரும் என்று பார்த்தோம். டேட்டா மாடல் போடுவதற்கு டெர்ரி ஹால்பின் எழுதிய ஓஆர்எம் என்ற முறையில் முதல் படியே, கைவசம் இருக்கிற உதாரணங்களைச் சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதுவது. படம் வரைவது அடுத்த படி. வரைந்ததும் அதே உதாரணங்களைப் போட்டு நிரப்பிப் பார்க்க வேண்டும். கல்லூரியில் படித்தபோது இது பரீட்சைக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். ஜமக்காளத்தில் உட்கார்ந்து செய்தபோதுதான் இதன் அருமை புரிந்தது.

214-இல் 61 வரிகளுக்கு அட்டைகளில் இடம் இல்லை. 18 வரி மூடி சம்பந்தப்பட்டது. 14 வரி 'செட்'. 11 வரி வெளிக்கடையில் வாங்கியது. 9 வரி 'அப்புறம் எடுத்தது', அதாவது சமையல் பாதியில் ஓடிவந்து வாங்கிப்போன கூடுதல் சாமான். மிச்சம் 9 உதிரி.

மூடி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நோட்டில் ஒரு வரி இப்படி இருந்தது: 'பெரிய தேக்சா 4 மூடி 3'. அதற்குக் கீழே திரும்பியதில் 'தேக்சா 4 மூடி 2'. என் மாடலில் தேக்சா என்றால் மூடியோடு சேர்த்து ஒன்று. அப்படியானால் இந்த வீட்டில் பாக்கி எதுவும் இல்லை என்று காட்டும். மூடியைத் தனிப் பொருளாகப் போட்டுவிடலாமா என்று கேட்டேன். மாமா யோசித்தார். மூடிக்குத் தனி வாடகை கிடையாதே என்றார். அதுவரை வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அத்தை எழுந்து வந்து, அலமாரியிலிருந்து ஒரு தேக்சாவையும் இரண்டு மூடிகளையும் எடுத்து ஜமக்காளத்தில் வைத்தார்.

"இந்த மூடி இதுக்கு உட்காரும். அதுக்கும் உட்காரும். ஏம்பா, தேக்சா எங்கயாச்சும் தொலையுமா? மூடிதான் தொலையும். சாதம் வடிக்கும்போது எடுத்துக் கீழ வைப்பாங்க, அது கோலமாவுத் தட்டா ஆயிடும், குப்பைக்கூடைக்கு மூடியா ஆயிடும், அப்புறம் எங்க வரும்?"

அந்த நிமிஷத்தில் ஒரு மஞ்சள் அட்டையை எடுத்து 'மூடி' என்று அவரே எழுதினார். வாடகை கட்டத்தில் ஒரு கோடு போட்டார். தொலைந்தால் பணம் என்ற கட்டத்தில் 'உண்டு' என்று எழுதினார். வாடகை இல்லாத, ஆனால் தொலைந்தால் விலை உள்ள பொருள். என் மாடலில் எல்லாப் பொருளுக்கும் வாடகை கட்டாயம் என்று இருந்தது. எந்த மூடி எந்தத் தேக்சாவுக்கு என்ற நூலை இழுக்கவில்லை, ஏனென்றால் யாரும் அப்படிக் கணக்கு வைப்பதில்லை. எத்தனை படி அரிசி வேகும் என்கிற அளவை வைத்து மூடிகளை மூன்று வகையாகப் பிரித்தோம். அதோடு சரி.

அன்றிலிருந்து அத்தை இல்லாமல் உட்காரவில்லை. திரும்பி வருவதை 20 வருஷமாக எண்ணுவது அவர்தான். முன்பதிவு நோட்டு மாமாவுடையது, திரும்பிய நோட்டு அத்தையுடையது. நான் முதல் முறை பார்த்தது மாமாவின் நோட்டை மட்டும். வாடகைக் கடையில் சிக்கலெல்லாம் திரும்பி வருவதில்தான் இருக்கிறது. போகும்போது எல்லாம் ஒழுங்காகத்தான் போகும்.

ஒவ்வொன்றாக அடையாளம் காண்பதா, எண்ணிக்கை மட்டும் போதுமா என்பதற்கும் அவர்கள் இருவரிடமிருந்தே ஒரு கேள்வி கிடைத்தது. ஒவ்வொரு மஞ்சள் அட்டையையும் எடுத்து, 'இது தொலைந்தால் எது தொலைந்தது என்று கேட்பீர்களா, எத்தனை தொலைந்தது என்று கேட்பீர்களா' என்று கேட்டேன். கரண்டி, டம்ளர், நாற்காலி, தேக்சா எல்லாம் எத்தனை. கிரைண்டர், கேஸ் அடுப்பு, பெரிய பித்தளை அண்டா எல்லாம் எது. மொத்தக் கடையிலும் 'எது' என்று கேட்க வேண்டியவை 23 சாமான்தான். அவற்றுக்கு மட்டும் பெயர் வெட்டி எண் போட்டோம். பார்கோடுக்கு வேலையே இல்லை.

தொலைந்தால் என்ன விலை என்பதிலும் நான் தப்பாகப் போட்டிருந்தேன். பொருளுக்கு ஒரு விலை என்று வைத்திருந்தேன். பித்தளையும் எவர்சில்வரும் வாங்கும்போதே எடை போட்டு எழுதிவைத்திருப்பார் மாமா. தொலைந்தால் அந்த எடைக்கு அன்றைய கிலோ விலை. அலுமினியத்துக்கும் அப்படியே. ஆகவே சாமான் அட்டையில் விலை இல்லை, எடையும் உலோகமும்தான். விலை தனி அட்டை, தேதியோடு.

'செட்'டைச் சரிசெய்ய ஒரு வாரம் ஆனது. '100 பேர் பந்தி செட் 3' என்று எழுதுவார்கள். டிபனுக்கு ஒரு மாதிரி, சாப்பாட்டுக்கு ஒரு மாதிரி. போகும்போது செட்டாகப் போகும், வரும்போது உதிரியாக வரும். செட்டை ஒரு பொருளாகப் போட்டு அதற்குள் பொருள்களைப் போட்டுப் பார்த்தேன். திரும்பி வரும்போது எந்தச் செட்டின் டம்ளர் என்று கேட்க வேண்டியதாயிற்று. யாருக்கும் தெரியாது, தேவையும் இல்லை. கடைசியில் செட் என்பது லிஸ்ட் எழுதுவதற்கான சுருக்கெழுத்து மட்டும் என்று முடிவானது. செட் என்று தட்டினால் விரிந்து 31 வரியாக உட்காரும். அதற்கப்புறம் செட் என்ற ஒன்று கிடையாது.

வெளிக்கடைச் சாமானில் நான் செய்த தப்பு வேறு வகை. முகூர்த்த நாளில் நாற்காலி பற்றாவிட்டால் பக்கத்து ஊர்க் கடையில் வாங்கிச் சேர்த்து அனுப்புவார்கள். இதுவும் வாடகைதானே, திசை மட்டும் எதிர் என்று, இரண்டையும் ஒரே அட்டையில் வைத்து, பிளஸ் மைனஸ் குறி போட்டுவிட்டேன். டேபிள் ஒன்று குறைந்தது. பார்க்க அழகாக இருந்தது. மாமாவுக்கும் அத்தைக்கும் அந்த அட்டை விளங்கவே இல்லை. ஒவ்வொரு தடவையும் இது நாம் கொடுத்ததா வாங்கியதா என்று கேட்டார்கள். அடுத்த நாள் இரண்டாகப் பிரித்தேன். விளங்காத அட்டையை அவர்களால் சரிபார்க்க முடியாது. சரிபார்க்க முடியாத அட்டை எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை.

மாற்றிய அட்டைகளோடு அதே 214 வரிகளை மறுபடி போட்டுப் பார்த்ததில் 17 மிச்சம். அதில் பாதி துக்க வீடு. நோட்டில் 'துக்கம், மேலத்தெரு, சேர் 60, பந்தல் 1, பெஞ்ச் 4' என்று மட்டும் இருக்கும். பெயர் இல்லை. முன்பணம் இல்லை. திரும்பும் நாள் இல்லை. அந்த வீட்டில் அன்றைக்குப் பணம் கேட்கிற பழக்கமே கிடையாது. சில நாள் கழித்துக் காரியத்துக்குப் பாத்திரம் எடுப்பார்கள், அப்போது மொத்தமாகக் கணக்கு முடிப்பார்கள். எனக்கோ பெயர், முன்பணம், திரும்பும் நாள் மூன்றும் கட்டாயக் கட்டங்கள். மூன்றிலும் கொட்டையை எடுத்துவிட்டோம். பல விசேஷத்துக்கு ஒரே கணக்கு என்று ஒரு புது ரோஸ் அட்டை வந்தது. நிச்சயதார்த்தமும் கல்யாணமும் ஒரே வீட்டில் என்றால் அதற்கும் இதே அட்டை பொருந்தியது.

நான்காவது உட்காரலுக்கு ஒரு சின்ன பைத்தான் நிரல் எழுதிக்கொண்டு போனேன். சுமார் 140 வரி, எழுத ஒன்றரை நாள். எம்ஐடியில் டேனியல் ஜாக்சன் குழு செய்த அலாய் என்ற கருவி, நாம் கொடுக்கிற விதிகளுக்கு உட்பட்டுச் சின்னச் சின்ன உதாரணங்களைத் தானே உருவாக்கிக் காட்டும். அந்த யோசனையை எடுத்துக்கொண்டேன். அட்டைகளில் இருக்கிற விதிகளை நிரலில் கொடுத்தால், அந்த விதிகள் அனுமதிக்கிற சம்பவங்களைத் தமிழ் வாக்கியமாக அச்சிடும். ஊர்ப்பெயர், சாமான் பெயர் எல்லாம் கடையில் புழங்குகிற பெயர்தான். 60 சம்பவம் அச்சடித்து எடுத்துப் போனேன். ஒவ்வொன்றாகப் படித்து, நடக்குமா நடக்காதா என்று கேட்டேன்.

நோட்டை வைத்துப் பார்ப்பது, மாடல் எங்கே இறுக்கமாக இருக்கிறது என்று காட்டும். நடந்தது உள்ளே நுழைய முடியாமல் வெளியே நிற்கும். ஆனால் நடக்கவே நடக்காததை மாடல் உள்ளே விடுகிறதா என்று நோட்டு சொல்லாது. அதற்குத்தான் இந்தச் சம்பவங்கள். இரண்டும் வேண்டும் என்பது எனக்கு இந்த நான்காவது உட்காரலில்தான் உறைத்தது.

ஒரு சம்பவம் இப்படி வந்தது: 'காலை 10 மணிக்கு ஒரு வீட்டிலிருந்து 6 தேக்சா திரும்பின. காலை 10 மணிக்கே அந்த 6 தேக்சாவும் இன்னொரு வீட்டுக்குப் போயின.' அத்தைக்குக் கோபமே வந்துவிட்டது.

"எச்சப் பாத்திரத்தையா இன்னொரு வீட்டுக்கு அனுப்புவோம்? என்ன எழுதிருக்க நீ?"

நான் எழுதவில்லை, மாடல் அனுமதிக்கிறது என்று விளக்கினேன். கழுவி, வெயிலில் கவிழ்த்து, எண்ணி அடுக்க எவ்வளவு நேரம் என்று கேட்டேன். ஆள் இருந்தால் 4 மணி நேரம், மழை என்றால் ஒரு பொழுது என்றார். கையிருப்புக் கணக்கில் சாமானுக்கு இரண்டு நிலைதான் வைத்திருந்தேன், கடையில் இருப்பது, வெளியே இருப்பது. 'கழுவுமிடத்தில்' என்று மூன்றாவது நிலை வந்தது. 'ஈயம் பூசப் போயிருக்கிறது' என்பதை அவரே நான்காவதாகச் சேர்த்தார். இரண்டு வருஷமாக மாமாவுக்கு முகூர்த்த நாளில் சாமான் கணக்கு ஏன் உதைத்தது என்பதற்குப் பதில் இதுதான். நோட்டில் இருப்பதாகக் காட்டிய தேக்சாக்கள் உண்மையில் கிணற்றடியில் கிடந்தன.

60-இல் 38-க்கு நடக்கும் என்றார்கள். 14-க்கு நடக்காது. மிச்சம் 8-க்கு மாமா சொன்னது 'நடந்திருக்கு'. அந்த எட்டும்தான் அன்றைக்குப் பெரிய வரவு. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு கதை இருந்தது. விசேஷம் நின்றுபோய்ச் சாமான் வண்டியிலிருந்து இறங்காமலே திரும்பி வந்தது, மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் பில்லைப் பாதி பாதி கட்டியது, ஒரு வீட்டிலிருந்து கடைக்கு வராமல் நேரே அடுத்த வீட்டுக்குச் சேர் போனது. நடக்காது என்று சொன்ன 14-இல் 5-ஐ அத்தை மறுத்தார். "உங்களுக்குத் தெரியாது, நான்தான் வாங்கி வச்சேன்" என்றார். இருவரும் ஒரே இடத்தில் உட்கார்ந்திராவிட்டால் அந்த ஐந்தும் தடையாகவே மாடலில் இறுகியிருக்கும்.

ஐந்தாவது உட்காரலில் திரை. தகவலைச் சேமிக்க எஸ்க்யூலைட் கோப்பு ஒன்று, அதன்மேல் மூன்று முரட்டுத் திரை. நிறம், லோகோ எதுவும் இல்லை, தூக்கிப் போடுவதற்கென்றே எழுதியது. கடைப் பையன் உண்மையான திரும்பிய நோட்டைப் பார்த்துத் தட்டினான், நான் பின்னால் நின்று அவன் தயங்குகிற இடத்தைக் குறித்துக்கொண்டேன். 11 இடத்தில் தயங்கினான். 8 திரைக் கோளாறு. 3 மாடல் கோளாறு. ஒடுக்கு விழுந்த பாத்திரம் திரும்பியதா இல்லையா என்று கேட்டான். திரும்பியது, ஆனால் ஒடுக்கு எடுக்கிற கூலி பாக்கி. திரும்பும் வரியை எண்ணிக்கை, நிலை என்று பிரித்தேன்.

கடைசியில் 14 டேபிள். முதல் முறையைவிட 5 குறைவு. உட்கார்ந்த நேரம் மொத்தம் 14 மணி. டேப்லெட் 11,500 ரூபாய், அது எப்படியும் வாங்கியிருக்க வேண்டியது. நிரல் எழுதியது 3 வாரம், அதில் டேபிளை மாற்ற வேண்டிவந்தது இரண்டே தடவை.

மறுபடி செய்தால் முதல் நாளே திரும்பிய நோட்டை எடுத்துக்கொண்டு அத்தையிடம்தான் போவேன். படத்தை யாரிடமும் காட்டமாட்டேன், அது எனக்கு மட்டும். ஒவ்வொரு உட்காரல் முடிந்ததும் ஜமக்காளத்தை மேலிருந்து போட்டோ எடுப்பேன். மூன்றாவது உட்காரலுக்கு அடுத்த நாள் யாரோ ஜமக்காளத்தை அட்டையோடு சுருட்டி வைத்துவிட்டார்கள், திரும்ப அடுக்க அரை நாள் போனது. அச்சடித்த சம்பவங்களை 60-க்குப் பதில் 25, 25-ஆக இரண்டு நாளில் கேட்பேன். நாற்பதுக்கு மேல் மாமா படிக்காமலே நடக்கும் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார், அந்தப் பதில்களை என்னால் நம்ப முடியவில்லை. சமையல் மாஸ்டர்கள் யாரையும் கூப்பிடாமல் விட்டதும் குறைதான். லிஸ்ட் அவர்களிடமிருந்துதானே வருகிறது.

214-இல் 3 வரிகளுக்கு இன்னும் இடம் இல்லை. போனதைவிட அதிகமாகத் திரும்பியவை அவை. வீட்டுக்காரரின் கரண்டி, மாஸ்டரின் சொந்த ஜல்லிக்கரண்டி, வேறு ஏதோ கடையின் பெயர் வெட்டிய தாம்பாளம், எல்லாம் நம் சாமானோடு கலந்து வந்துவிடும். நம்முடையது அல்லாத பொருளை எந்த அட்டையில் எழுதுவது, யாருக்குத் தர வேண்டும் என்று எப்படிக் குறிப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. அத்தை அவற்றையெல்லாம் ஒரு தூக்குவாளியில் போட்டுக் கிடங்கு வாசலில் மாட்டியிருக்கிறார், யாராவது தேடி வந்தால் கொடுக்க. மார்கழியில் கடை மறுபடி ஓயும்போது மாஸ்டர்கள் இரண்டு பேர் வந்து உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு அந்த வாளியை ஜமக்காளத்தின் நடுவில் கொட்டிவிட்டுத்தான் ஆரம்பிக்கப்போகிறேன்.